பதினேழாவது குழியில் பந்து அசைந்தது

அன்புள்ள நித்யா,

நேற்று வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு உறுதியானது இவ்வளவு: பந்து அசைந்தது. அரைச் சுற்று உருண்டு, புல் மடங்கிய பக்கம் சாய்ந்து நின்றது. சொன்னவர் முருகேசன், பரமக்குடிக்கு வெளியே இருக்கும் தன் வீட்டு வாசலிலிருந்து, தொலைபேசியில். மூன்று டிசம்பர்களுக்கு முன்னால், இங்கே துபாயில் நடந்த பெண்கள் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளன்று, பதினேழாவது குழிக்குப் பக்கத்து மணல்பள்ளத்தின் ஓரத்தில், மணல் வாரும் நீளக் கோலோடு நின்றவர் அவர். சரிபார்க்க ஒரு கேள்வி கேட்டேன். பந்து அசைந்ததும் அந்த ஜெர்மன்காரப் பெண் எந்தக் கையைத் தூக்கினார்? "இடது கைண்ணே. உறை போட்ட கை," என்றார். அன்றைக்கு வீட்டில் நீ சொன்னதும் இடது கைதான். அந்த விவரம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆகவே இந்தச் செய்தியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நீ என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. கராமாவில் நாம் இருக்கும் இரண்டு அறை வீட்டில் இவ்வளவு நாள் ஒருவரோடு பேசாமல் இருக்கத் திறமை வேண்டும். எனக்கும் ஊறுகாய்க்கும் நடுவே நீ உட்கார்ந்திருந்தாலும் அதை அம்மா எழுந்து வந்துதான் எடுத்துத் தருகிறாள். உன் பாஸ்போர்ட் விசாவுக்குப் போயிருக்கிறது. வந்ததும் நீ ஜெர்மனிக்குப் போகிறாய், அதே ஜெர்மன்காரப் பெண் கெர்டாவின் கோல்ஃப் மைதானத்தில் வேலைக்கு. நேரில் பேசினால் பாதியில் நான் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதி இருபத்தாறு வருஷம் பிழைத்தவன் நான். அந்த மொழியில் எங்கெங்கே ஒளிந்துகொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் தமிழில் எழுதுகிறேன். உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், பரவாயில்லை. உறையை ஒட்டாமல் சாப்பாட்டு மேஜையில் வைக்கிறேன். அம்மா படிக்கலாம். வேண்டுமானால் கெர்டாவுக்கும் நீ மொழிபெயர்த்துச் சொல்லலாம்.

முதலில் என் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது என்னை மன்னிக்கக் காரணமாகாது. பஹ்ரைனில் நான் நிருபர் வேலையில் சேர்ந்த புதிது. நீ பிறந்திருக்கவில்லை. நாங்கள் ஈசா டவுனில் ஒரு மாடி அறையில் இருந்தோம். ஒரு தொழிலாளர் கேம்ப்பில் தீப்பிடித்தது. கம்பெனிக்காரர் அலுவலகத்தில் ஏலக்காய் காபி கொடுத்து, யாருக்கும் காயமில்லை என்று தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தார். நான் அப்படியே போட்டேன். நான்கு நாள் கழித்து, உன் அம்மாவைக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, இரண்டு கையும் கட்டுப் போட்ட ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தமிழ்க் குரல் கேட்டு, "சார், பீடியைக் கொஞ்சம் வாயில வச்சு விடுறீங்களா?" என்றார். அந்தக் கேம்ப்காரர். அன்றைக்கு முடிவெடுத்தேன், யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை என்று. தொழிலுக்கு அது நல்ல முடிவு. அதை நான் வீட்டுக்கும் எடுத்துவந்தேன். உனக்கு ஒன்பது வயதில் பள்ளியில் ஓவியப் பரிசு கிடைத்தபோது, போட்டியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று உன் ஆசிரியைக்குப் போன் செய்து கேட்டவன் நான். ஏழு பேர் என்று தெரிந்தது. அதை உன்னிடம் சொல்லவும் செய்தேன்.

கெர்டாவை நீ எனக்கு முன்பே படித்து வைத்திருந்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அவர் பற்றி என் நோட்டில் மூன்று பக்கம் இருந்தது. வட ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அப்பா பஸ் ஓட்டுநர். கோல்ஃப் அங்கேயும் பணக்காரர்கள் ஆட்டம்தான். மைதானத்துக்குப் பின்புறம் இருந்த உருளைக்கிழங்கு வயலில் வந்து விழும் பந்துகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்குப் பழைய மட்டை ஒன்றை வாங்கி ஆடக் கற்றவர். தொழில்முறை ஆட்டக்காரராகிப் பதினான்கு வருஷம். ஒரு கோப்பைகூட இல்லை. இரண்டு முறை இரண்டாமிடம். ஐரோப்பா முழுவதும் இன்னொரு ஆட்டக்காரியோடு ஒரே காரில் போய், போட்டி நடக்கும் ஊரில் யாராவது வீட்டில் தங்கி ஆடியவர். இடது மணிக்கட்டில் ஒரு அறுவை நடந்திருந்தது. அது இன்னும் எத்தனை பருவம் தாங்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. துபாய்க்கு வந்தபோது வயது முப்பத்துநான்கு. இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு, கீழே நான் குறித்திருந்த வரி: "இவ்வளவு வருஷம் ஏன் விடவில்லை? யார் தாங்குகிறார்கள்?" ஒரு மனுஷி தனக்குப் பிடித்த வேலையைச் செய்கிறாள் என்ற பதில் எனக்கு அப்போது போதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன், அம்மாவுக்கு இந்த ஆட்டம் தெரியாது. நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். தன்னார்வலராகச் சேர்ந்து, தொப்பியும் அட்டையும் மாட்டிக்கொண்டு, கெர்டாவின் குழுவோடு எண்ணிக்கைப் பலகையைத் தூக்கி நடந்தாய். பதினாறு குழி முடிந்து கெர்டாவும் இன்னொருத்தியும் சமம். பதினேழில் கெர்டாவின் பந்து மணல்பள்ளத்துக்கு மேலே நீளப் புல்லில் நின்றது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். அடிக்கவில்லை. இடது கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். மட்டையை வைத்த பிறகு பந்து அசைந்தால் ஒரு அடி கூட்டிக்கொள்ள வேண்டும். அது விதி. குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே கோப்பை. இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. தன் தவறைத் தானே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னார். ஒரு அடி கூடியது. ஒரே ஒரு அடியில் தோற்றார். பதினான்கு வருஷத்தில் அவர் கோப்பைக்கு மிக நெருங்கி வந்தது அன்றுதான்.

பத்திரிகையாளர் அறையில் நான் கேட்டேன், யாருமே பார்க்கவில்லையே என்று. "நான் பார்த்தேனே," என்றார். பதில் அளவுக்கு மேல் தயாராக இருந்ததாக எனக்குத் தோன்றியது. கூட ஆடியவரைக் கேட்டேன், பார்க்கவில்லை. பை தூக்கி வந்தவரைக் கேட்டேன், பார்க்கவில்லை. கேமரா வேறு பக்கம் இருந்தது. நடுவர் வந்தது பிறகு. வீட்டுக்கு வந்தேன். நீ கால் வலி என்று வாளித் தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"நீ எவ்வளவு தூரத்துல நின்ன?"

"பத்தடி இருக்கும்ப்பா."

"பந்து அசைஞ்சத பாத்தியா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியல. சடனா லெஃப்ட் ஹேண்டத் தூக்கிட்டாங்க. ஐ வாஸ் ஷாக்ட். எனக்கு அழுகையே வந்துருச்சு."

"பத்தடியில நின்னும் தெரியலையா?"

"தெரியலப்பா. போதுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவள சாப்பிட விடுங்க. தோசைக்கும் ரெண்டாவது சாட்சி வேணுமா உங்களுக்கு?" நீ சிரித்தாய். அப்பாவிடம் பேசுகிறோம் என்று நினைத்துப் பேசினாய். நான் நிருபராகக் கேட்டேன். உன்னிடம் சொல்லாமல் கேட்டேன்.

மறுநாள் வந்த கட்டுரையில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இதை அன்றும் சொன்னேன், இன்றும் அது சரிதான். ஜெயித்தவருக்கும் கெர்டாவுக்கும் ஒரே மேலாளர், உண்மை. கூட ஆடியவர் பார்க்கவில்லை, உண்மை. "பத்தடி தூரத்தில் நின்ற ஒரு தன்னார்வலரும் எதையும் காணவில்லை", அதுவும் உண்மை. இந்த மூன்றையும் நான் அடுக்கிய விதத்தில்தான் பொய் இருந்தது. ஜெயித்தவருக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்று நான் எழுதவில்லை. படிக்கிறவர் அங்கே போய்ச் சேரும்படி பாதை போட்டேன். அந்தக் குழுவில் பலகை தூக்கியவள் ஒருத்திதான். தன்னார்வலர்கள் பத்திரிகையோடு பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உன் தொப்பியையும் அட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குப் பதினோரு நாள் நீ பேசவில்லை. அடுத்த பருவத்தில், பணம் கொடுத்துக் கெர்டாவின் பையில் தன் பெயர் போட்டிருந்த கம்பெனி அவரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் கட்டுரையால்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் நான் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

இதுவரை உனக்குத் தெரியும். இனி சொல்லப்போவது தெரியாது.

கட்டுரை வந்த இரண்டாம் நாள், மைதானத்தைப் பற்றி வேறு ஒரு செய்திக்காக அங்கே போனேன். புல் வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் என்னை நோக்கி வந்தார். பச்சைச் சட்டை, கழுத்தில் துண்டு.

"அண்ணே, பேப்பர்காரரு நீங்கதான? தமிழ்னு சொன்னாய்ங்க."

"ஆமா. சொல்லுங்க."

"அந்த வெள்ளக்கார அம்மாவப் பத்தித் தப்பா எழுதிப்பிட்டீகளாம்ல. ரூம்ல மலையாளத்துக்காரன் படிச்சுக் காமிச்சான். பந்து அசைஞ்சுச்சுண்ணே. நான் பாத்தேன்."

"நீங்க எங்க நின்னீங்க?"

"மணல் குழி ஓரத்துல. அவுக மட்டைய வச்சாக, புல்லு மடங்குச்சு, பந்து அரைச் சுத்து சுத்துச்சு. காலையில அந்தப் புல்ல வெட்டுனதே நான்தான். அது எப்பிடிச் சாயும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் சொல்லலை?"

"யாருண்ணே என்னையக் கேட்டா?" என்றார்.

நித்யா, அலுவலகத்துக்குப் போய் எங்கள் புகைப்படக்காரர் எடுத்த படங்களைப் பார்த்தேன். கெர்டா கையைத் தூக்கிய படத்தில், வலது ஓரத்தில், கோலோடு அவர் நிற்கிறார். உன்னைவிடப் பக்கத்தில். அன்றைக்கு நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்திருக்கிறேன். யார் யார் பார்த்திருக்கலாம் என்று பட்டியல் போட்டபோது அவர் என் கணக்கில் வரவில்லை. கட்டுப் போட்ட கைக்காரருக்குப் பீடி வைத்துவிட்டதை இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நான், என் ஊர்ப் பாஷை பேசும் ஒருவரைச் சாட்சி என்று எண்ணவில்லை. மட்டைக்காரர்கள், நடுவர், கேமரா, படித்த மகள், இவர்களோடு என் பட்டியல் முடிந்துவிட்டது.

முருகேசன் போகும்போது ஒன்று கேட்டுக்கொண்டார். "எம் பேரு மட்டும் போட்றாதீக. விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போனா அம்புட்டுத்தான், கலாஸ். மூணு பிள்ளைக இருக்கு." அதைப் பிடித்துக்கொண்டேன். பெயர் போட முடியாது, பெயரில்லாத சாட்சி பலவீனம், ஆகவே மறுப்பு எழுத முடியாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பெயர் போடாமல் உன்னை மட்டும் சாட்சியாக்க முடிந்தவன், பெயர் போடாமல் அவரை ஆக்க முடியாதா? ஆசிரியரிடமாவது சொல்லியிருக்கலாம். கெர்டாவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அந்தப் பதினோரு நாளில் நாலாவது நாளிலேயே பேசியிருப்பாய். நான் சொல்லாமல் விட்டது பயத்தால் அல்ல. கட்டுரையை மற்ற நிருபர்கள் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் நாலு நாள் நீடிக்கட்டும் என்றிருந்தது. பிறகு நாலு மாதம். பிறகு மூன்று வருஷம்.

நீயோ, செய்யாத தவறுக்குக் கெர்டாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாய். அவர் பதில் எழுதினார். அவர் மணிக்கட்டு போய், ஆட்டத்தை விட்டு, தன் ஊரில் ஒன்பது குழி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததெல்லாம் உனக்கு அவர் எழுதித் தெரிந்தது. எனக்கு நீ சொல்லவில்லை, அது நியாயம். போன மாதம் வேலைக் கடிதத்தை நீட்டினாய். ஒரு வருஷம், மைதான நிர்வாகம், பயிற்சி வேலை. இந்த வருஷம் இந்த ஊரில் உள்ள வேலையே போய்க்கொண்டிருக்க, பாதி முடிந்த கட்டடங்களில் கிரேன்கள் சும்மா நிற்க, எங்கோ இருந்து ஒருத்தி உன்னைக் கூப்பிடுகிறாள். அதுவும் என்னால் அடிபட்ட ஒருத்தி. ஏன் என் மகள்? என்னைப் பழி வாங்கவா? எனக்குத் தெரிந்த ஜெர்மன் நிருபர் ஒருவரை அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். அவர் படம் அனுப்பினார். ஒரு தகரக் கொட்டகை, ஈரப் புல், வண்டியில் உட்கார்ந்து கெர்டாவே புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். மின்னஞ்சலைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நீ பார்த்துவிட்டாய்.

"நீங்க அவங்கள செக் பண்ணீங்களா?"

"விசாரிச்சேன். அப்பா விசாரிக்கிறது தப்பா?"

"அவங்களையா, என்னையா?"

அம்மாதான் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க தெரு கடைக்காரர்கிட்ட விசாரிச்சவர்டி இவர். இன்னும் அந்தக் கடைக்காரர் சொன்னத நம்பல." நீ சிரிக்கவில்லை. அன்று முதல் ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில்தான் முருகேசனைத் தேடினேன். அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. அவரோடு இருந்த மலையாளத்துக்காரர் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு கடையில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசி, முருகேசன் எண்ணை வாங்கினேன். நேற்று முருகேசன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "மூணு வருசம் கழிச்சு வெவரம் கேக்குறீகளே, பேப்பர் அம்புட்டு மெதுவாவா ஓடுது?" என்றார். பெயர் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கண்ணே. இப்ப லோடு ஆட்டோ ஓட்டுறேன். எம் பொண்டாட்டிதான் எனக்கு கஃபீல். அவகிட்ட நான் கேட்டுக்கிறேன்." பின்னால் ஒரு பெண் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

நீ போகுமுன் சில விஷயம் சொல்ல வேண்டும். சந்தேகப்படாதே என்று நான் சொன்னால் அது உனக்கே வேடிக்கையாக இருக்கும். சந்தேகப்படு. விசா முத்திரை வந்த பாஸ்போர்ட்டை எவரும், கெர்டாவே ஆனாலும், பத்திரமாக வைக்கிறேன் என்று கேட்டால் கொடுக்காதே. இந்த வளைகுடாவில் அதைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் நின்றவர்களை நான் அறிவேன். உன் வேலைக் கடிதத்தில் தங்குமிடம் "ஏற்பாடு செய்யப்படும்" என்று இருக்கிறது. யார் ஏற்பாடு செய்வது என்று இல்லை. விமானம் ஏறுமுன் எழுத்தில் கேட்டு வாங்கு. கெர்டா ஏன் உன்னைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. நல்ல மனசு என்ற பதிலை நான் ஏற்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதை நீ அவரிடமே நேராகக் கேட்கலாம், நான் செய்தது மாதிரி முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டாம். ஒருவரைப் பற்றி விசாரித்து முடித்த பிறகு, யாரைக் கேட்காமல் விட்டோம் என்று ஒரு முறை பார். அங்கே கோலோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் சொல்வது நீ விரும்பாததாக இருந்தால், அன்றைக்கே எழுது.

கெர்டாவுக்கு நேற்று மாலை எழுதினேன். மைதான வேலை இருப்பதால் திங்கட்கிழமைதான் அஞ்சல் பார்ப்பேன் என்று தானாக ஒரு பதில் வந்தது. திங்களன்று அவர் பதில் எழுதலாம், எழுதாமலும் போகலாம், எழுத வேண்டிய கடமை அவருக்கு இல்லை. திருத்தம் ஒன்றை என் பெயரோடு எழுதி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். முருகேசன் பார்த்தது, அவர் அதை இரண்டாம் நாளே என்னிடம் சொன்னது, நான் அதை வைத்துக்கொண்டது, தன்னார்வலர் என் மகள் என்பது, அவளிடம் பேட்டி என்று சொல்லாமல் கேட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கப்புறம் உன்னை நான் எந்த டெஸ்க்ல வைக்கிறது?" என்றார். ஆட்களைக் குறைக்கும் நேரத்தில் அது வெறும் கேள்வி இல்லை. போடுவதா இல்லையா என்று நாளைக்குச் சொல்வார். போட்டால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், கீழே.

உன் பாஸ்போர்ட்டும் ஞாயிற்றுக்கிழமைதான், காலை பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அன்று விடிந்ததும் பத்திரிகை நம் கதவடியில் விழும். நான் எடுக்க மாட்டேன். நீ எடுத்து, விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து பார். அங்கே இல்லையென்றால் இந்தக் கடிதம் ஒரு ஆள் சொன்னது மட்டும்தான், நீ தனியாகவே டாக்சியில் போய்க்கொள். இருந்தால், நான் வண்டி ஓட்டட்டுமா என்று கேட்கிறேன். வழியில் எதுவும் விசாரிக்க மாட்டேன். இதையும் இப்போதே நம்ப வேண்டாம், வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அப்பா